கரும்பு நாட்டில் கீரைத் தொட்டி



இன்றைக்குத் தொட்டியில் காய்கறி போடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருக்கிறவனிடம் வந்து தொட்டியில் செடி வை என்கிறாரே, இவருக்கு வேறு வேலை இல்லையா?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நானும் ஒன்று கேட்கிறேன். சந்தையன்று சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கத்தரிக்காயும் கீரையும் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்களில் எத்தனையோ பேர் விவசாயிகள். ஒருவர் கரும்பு போட்டிருப்பார். இன்னொருவர் தென்னை வைத்திருப்பார். மற்றொருவருக்கு நிலம் பூராவும் பருத்தி. வயலில் ஒரே பயிர். சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதெல்லாம் கடையிலிருந்து.

இப்படி ஒரு வீடு இருந்தால் பரவாயில்லை. ஒரு நாடே இப்படி இருந்தது. அந்த நாட்டுக்கு என்ன நேர்ந்தது, அது தொட்டியில் கீரை போட எப்படிக் கற்றுக்கொண்டது என்ற வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அந்த நாடு கியூபா. அமெரிக்காவுக்குத் தெற்கே கடலில் கிடக்கும் ஒரு நீளமான தீவு. அங்கே பனி கிடையாது, உறைகுளிர் கிடையாது. வெயிலும் புழுக்கமும்தான். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மழை பெய்யும். கோடையில் உட்கார்ந்த இடத்தில் வியர்த்துக் கொட்டும். நம் கடலோர மாவட்டத்துக்காரர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால், ஊரை விட்டு வந்த மாதிரியே அவருக்குத் தெரியாது. மழைக்காலம்தான் மாறியிருக்கும்.

கியூபாவின் நல்ல நிலமெல்லாம் கரும்பு. பல தலைமுறையாகவே அப்படித்தான். 1980-களில் ஆண்டுக்கு 70, 80 லட்சம் டன் சர்க்கரை எடுத்தார்கள். அமெரிக்கா 1962 முதல் வியாபாரத் தடை போட்டிருந்ததால், சர்க்கரையில் பெரும்பகுதியைச் சோவியத் நாடு வாங்கிக்கொண்டது. அதுவும் உலகச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து. பதிலுக்குப் பெட்ரோல், டீசல், டிராக்டர், ரசாயன உரம், பூச்சிமருந்து, கோதுமை எல்லாம் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. மக்கள் சாப்பிட்டதில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்ததுதான். சர்க்கரை போகிறது, சாப்பாடு வருகிறது. இதில் என்ன குறை என்று எல்லோரும் இருந்தார்கள்.

1991 டிசம்பரில் சோவியத் நாடே கலைந்து போயிற்று. கப்பல்கள் நின்றன. வாங்குவதற்கு ஆள் இல்லை, கொடுப்பதற்கும் ஆள் இல்லை. உரமும் பூச்சிமருந்தும் முக்கால் பங்குக்கு மேல் குறைந்து போயின. டிராக்டர்கள் டீசல் இல்லாமல் வயலிலேயே நின்றன. கொட்டிலில் கட்டியிருந்த மாட்டையும், கிடப்பில் போட்டிருந்த ஏரையும் திரும்ப எடுத்தார்கள். பஸ் ஓடவில்லை, சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் சைக்கிள்கள் வாங்கி மக்களுக்குக் கொடுத்தார்கள். கிராமத்தில் கொஞ்சம் காய்கறி விளைந்தாலும் அதை நகரத்துக்கு ஏற்றிவர லாரி இல்லை. வந்தாலும் கெடாமல் வைக்க மின்சாரம் இல்லை. தலைநகர் ஹவானாவில் மட்டும் இருபது லட்சம் பேர். ரேஷனில் கிடைத்ததை வைத்துக்கொண்டு அரை வயிறாகக் காலம் தள்ளினார்கள்.

அப்போதுதான் ஒரு விபரீதம் நடந்தது. 1991 கடைசியில், தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் பினார் தெல் ரியோ என்ற புகையிலை மாவட்டத்தில், சிலருக்குத் திடீரென்று கண் பார்வை மங்கத் தொடங்கியது. சிலருக்குக் கை கால் மரத்துப் போயிற்று. கொஞ்ச நாளில் நாடு முழுக்கப் பரவியது. 1993-க்குள் 50,000 பேருக்கு மேல் இந்த நோய் கண்டது. ஏதாவது கிருமியோ, விஷமோ என்று பயந்து டாக்டர்கள் தேடினார்கள். கடைசியில் கண்ட முக்கியக் காரணம், சாப்பாட்டில் சத்துக் குறைவு. பி வகை வைட்டமின்கள் உடம்பில் வற்றிப்போயிருந்தன. புகை பிடிப்பவர்களை அது இன்னும் கடுமையாகப் பிடித்தது. 1993 மே மாதம் அரசு நாட்டு மக்கள் அத்தனை பேருக்கும் வைட்டமின் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நோய் தணிந்தது.

ஆண்டுக்கு 70 லட்சம் டன் சர்க்கரை எடுத்த நாட்டில், சாப்பாட்டுத் தட்டில் பருப்பும் முட்டையும் கீரையும் குறைந்ததால் கண் மங்கிற்று! இதை நாம் மறக்கவே கூடாது. வயிறு நிறைந்தால் போதாது. தட்டில் என்ன இருக்கிறது என்பதும் கணக்கு.

சரி, தொட்டிக்கு வருவோம்.

கியூபாவில் முன்பே ஒரு வகைத் தொட்டி விவசாயம் இருந்தது. நீளமான சிமென்ட் தொட்டியில் சரளைக்கல்லைப் பரப்பி, உரத்தைத் தண்ணீரில் கரைத்துப் பாய்ச்சிச் செடி வளர்ப்பது. மண்ணே வேண்டாம். வெளிநாட்டு உரம் வந்துகொண்டிருந்தவரை அந்தத் தொட்டிகளில் தக்காளியும் வெள்ளரியும் குலுங்கின. உரம் நின்றது, தொட்டியும் செத்தது. கல்லுக்குள் என்ன சத்து இருக்கும், செடி எதை உறிஞ்சும்?

ஆனால் வேறொரு வழி ஏற்கெனவே முளைத்திருந்தது. 1987-லேயே, ராணுவத்தின் காய்கறித் தோட்டமொன்றில் ஒரு பெண் பொறியாளர் ரசாயன உரம் இல்லாமல், மட்கிய எருவை மட்டும் வைத்துத் தொட்டிப் பாத்திகளில் காய்கறி விளைவித்துக் காட்டியிருந்தார். அப்போது படைகளின் அமைச்சராக இருந்த ராவுல் காஸ்ட்ரோ அதை நேரில் பார்த்துவிட்டு, மற்ற இடங்களிலும் செய்யச் சொன்னார். 1991-ல் ஹவானா நகரத்துக்குள்ளேயே, மிராமர் என்ற பகுதியில் ஒரு காலி இடத்தில், அந்த மாதிரித் தோட்டம் போட்டார்கள். முன்நின்று போட்டவர் மொய்சேஸ் சியோ வோங் என்ற படைத் தளபதி. சீனாவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அரசின் சேமிப்புக் கிடங்குகளை நிர்வகித்தவர் அவர். கிடங்கு காலியாகிக்கொண்டு வருவதை அவரைவிட யார் அறிவார்!

அந்தத் தோட்டத்துக்கு "ஆர்கனோபோனிக்கோ" என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையவில்லை, விஷயம் எளிது. நகரத்துக் காலி மனை என்றால் கல்லும் காரையும் கிடக்கும். கொத்தினால் மண்வெட்டிதான் மழுங்கும். அதனால் தரையை விட்டுவிட்டார்கள். செங்கல், கருங்கல், பழைய ஓடு, பலகை என்று கைக்குக் கிடைத்ததை வைத்து நாலடி அகலத்துக்குப் பெட்டி மாதிரி அணைகட்டினார்கள். அதற்குள்ளே மண் பாதி, மட்கிய எரு பாதி கலந்து நிரப்பினார்கள். செத்துக் கிடந்த பழைய சிமென்ட் தொட்டிகளிலும் கல்லை அள்ளிவிட்டு இதே கலவையைப் போட்டார்கள். கரும்பாலைக் கழிவு, மாட்டுச் சாணம், குப்பை எல்லாவற்றையும் மட்க வைத்தார்கள்; மண்புழுவை விட்டு உரமாக்கினார்கள். அதே தொட்டி, அதே வெயில். இந்தத் தடவை செடி வந்தது.

தொட்டி விவசாயத்தின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. வயலில் இருக்கும் செடிக்குப் பசித்தால் வேரை நீட்டி அடுத்த அடிக்குப் போகும். தண்ணீர் வேண்டுமென்றால் கீழே இறங்கும். தொட்டியில் இருக்கிற செடி கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி. நீங்கள் வைத்ததுதான் அதற்குத் தீனி, நீங்கள் ஊற்றியதுதான் தண்ணீர். தொட்டி என்ன விலை, என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு. உள்ளே என்ன போட்டீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

அரசு தோட்டம் போட்டது ஒரு பக்கம். மக்கள் தாங்களாகவே செய்தது இன்னொரு பக்கம். வீட்டு முற்றம், மொட்டைமாடி, பால்கனி என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் தகர டப்பா, பழைய பீப்பாய், உடைந்த தொட்டி, பெட்டி என்று எதிலாவது எதையாவது நட்டார்கள். நகரத்து ஆட்களுக்கு விவசாயம் தெரியாது. நிறையச் செடி செத்தது. பூச்சி தின்றது, விதை கிடைக்கவில்லை, விளைந்ததைத் திருடர் கொண்டுபோனார்கள். அப்போது கிராமத்திலிருந்து வந்து குடியேறியிருந்த வயசானவர்களுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. "தாத்தா, இதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டு வந்தார்கள்.

1994-ல் ஹவானா நகருக்கென்றே நகர்ப்புற வேளாண்மைப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார்கள். வேளாண் அலுவலர்கள் பேட்டை பேட்டையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். விதையும் உரமும் விற்கச் சிறு கடைகள் திறந்தார்கள். காலி நிலத்தைப் பயிர் செய்கிறவர்களுக்கு வாடகையில்லாமல் விட்டார்கள். நகருக்குள் ரசாயனப் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது என்று விதி வந்தது. 1997-ல் அலமார் என்ற பேட்டையில் சிலர் சேர்ந்து ஒரு சின்ன இடத்தில் ஆரம்பித்த தோட்டம், பல ஏக்கராகப் பெருகிப் பிற நாட்டார் வந்து பார்த்துப் போகிற அளவுக்குப் பேர் வாங்கியது. பாத்தியிலிருந்து காலையில் பறித்த கீரையை அங்கேயே விற்றார்கள். ஏற்ற லாரியும் வேண்டாம், வைக்கக் குளிர்பதனப் பெட்டியும் வேண்டாம்.

நன்றாகப் பார்த்துக்கொண்ட தொட்டிப் பாத்தியில், ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 20 கிலோ வரை காய்கறி எடுக்கலாம் என்று அந்நாட்டார் கணக்குச் சொன்னார்கள். ஒரு சதுர மீட்டர் என்றால் ஒரு கயிற்றுக் கட்டிலில் பாதிதான் இருக்கும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொட்டித் தோட்டம் கியூபாவின் பசியை முழுக்கத் தீர்த்துவிடவில்லை. அரிசிக்கும் கோதுமைக்கும் அதற்குப் பிறகும் கப்பலைத்தான் எதிர்பார்த்தார்கள். தொட்டியில் நெல் விளைவித்து ஊருக்குச் சோறு போட முடியாது. தொட்டி கொடுத்தது கீரை, தக்காளி, மிளகாய், வெங்காயத்தாள், வெள்ளரி. சோற்றோடு சேர வேண்டிய மற்ற பாதி அது. அந்தப் பாதி இல்லாமல்தான் கண் மங்கிப் போயிற்று என்பதை நினைத்துக்கொண்டால், இது சின்ன விஷயமில்லை என்பது புரியும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அதே வெயில், அதே புழுக்கம். அவர்கள் பட்டுக் கற்றதை நாம் படாமலே கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, எதில் வைப்பது. கீரைக்கு அரை அடி ஆழமுள்ள தட்டைப் பாத்திரம் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் வேண்டும். மண்தொட்டி, உடைந்த குடம், சாக்கு, பழைய பக்கெட் எதுவானாலும் சரி. பூச்சிமருந்து இருந்த டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். கறுப்புப் பிளாஸ்டிக் நம் வெயிலில் அடுப்பு மாதிரி காயும், வேர் வெந்துவிடும். அப்படிப்பட்டது தான் இருக்கிறது என்றால் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள், இல்லையேல் சாக்கைச் சுற்றுங்கள்.

இரண்டாவது, ஓட்டை. அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, ஓட்டாஞ்சில்லை வைத்து மூடி, தொட்டியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் வடியாத தொட்டியில் செடி ரெண்டே நாளில் அழுகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். அதில் நிற்கிற தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

மூன்றாவது, உள்ளே போடுவது. செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மட்கிய தென்னை நார்க்கழிவோ மணலோ ஒரு பங்கு. வெறும் களிமண்ணைப் போட்டால் செங்கல் மாதிரி இறுகும். பச்சைச் சாணத்தைப் போட்டால் சூடு பிடித்து வேர் கருகும், புழுவும் வரும். நம்மிடம் மாடு இருக்கிறது, குப்பைக்குழி இருக்கிறது. கியூபாக்காரர்கள் முதலில் தேடி அலைந்தது நம் கொல்லையில் சும்மா கிடக்கிறது.

நான்காவது, தண்ணீர். காலையில் ஊற்றுங்கள். சாயங்காலம் இலை நனையும்படி ஊற்றினால், இந்தப் புழுக்கத்தில் ராத்திரி பூராவும் ஈரம் காயாமல் இலையில் பூஞ்சாணம் பிடிக்கும். ஊற்றுவதற்கு முன்னால் விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே பத்துத் தொட்டிக்குப் பெரும்பாலும் காணும். சோப்புத் தண்ணீர் ஆகாது.

ஐந்தாவது, வெயில். சித்திரை, வைகாசியில் ஆரம்பிக்காதீர்கள். ஆடிப்பட்டத்திலோ தைப்பட்டத்திலோ தொடங்குங்கள். வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் நல்ல இடம். காலை வெயில் கிடைக்கும், மத்தியான வெயிலுக்கு வீடே நிழல். மொட்டைமாடி என்றால் கோடையில் மேலே தென்னங்கீற்றைப் பரவலாகப் போட்டு வெயிலைத் தணியுங்கள். செடியை நெருக்கி வைக்காமல் காற்று போக இடம் விடுங்கள்.

ஆறாவது, பூச்சி. கியூபாவில் வேப்பமரத்தை வளர்த்து அதிலிருந்து பூச்சிவிரட்டி எடுத்தார்கள். நமக்கு வேம்பைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளியுங்கள். இலைக்கு அடியில் படவேண்டும்; அசுவினியும் மாவுப்பூச்சியும் ஒளிந்திருப்பது அங்கேதான்.

கடைசியாக, எல்லோரும் மறந்துபோவது ஒன்று. முதல் தடவை செடி நன்றாக வரும். இரண்டாவது தடவை சுமாராக வரும். மூன்றாவது தடவை "தொட்டி ராசியில்லை" என்று மூலையில் போட்டுவிடுவோம். ராசி இல்லாமல் இல்லை, தீனி இல்லை. ஹவானாத் தோட்டங்களில் ஒரு பயிர் எடுத்ததும் பாத்தியைக் கிளறி, இறங்கிப்போன அளவுக்குப் புது எரு போடுவார்கள்; அதன் பிறகுதான் அடுத்த விதை. நீங்களும் ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மட்கிய எரு போட்டுக் கிளறுங்கள். கத்தரி எடுத்த தொட்டியில் அடுத்தாற்போல் தக்காளியோ மிளகாயோ வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், வேர்நோய் தொடரும். நடுவில் கீரையோ கொத்தவரையோ போடுங்கள்.

எடுத்த எடுப்பில் இருபது தொட்டி வேண்டாம். இரண்டே இரண்டு போதும். ஒன்றில் தண்டுக்கீரை, இன்னொன்றில் மிளகாய். கீரை விதைத்த இருபத்தைந்தாம் நாள் பறிக்கலாம். அந்தப் பறிப்பு கைக்கு வந்தால், அடுத்த தொட்டியைப் பற்றி வீட்டில் நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, அவர்களே கேட்பார்கள்.

கரும்பு போடுங்கள், தென்னை வையுங்கள். வருமானம் வேண்டும், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் விலை இறங்குகிற வருஷமும், மழை ஏமாற்றுகிற வருஷமும் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரு நாட்டுக்கே கப்பல் நின்றுபோன கதையைக் கேட்டீர்கள். நம் வீட்டுக்குப் பணம் நின்றுபோகிற மாசத்திலும், பிள்ளைகளின் தட்டில் ஒரு கை கீரை விழவேண்டும். அதற்கு வாசலில் இரண்டு தொட்டி இருந்தால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் கிடக்கிற உடைந்த குடத்தைத் தேடி எடுங்கள்.